சஹாராவுக்குள் இறங்கும் முன்: இப்னு பதூதாவின் காஃபிலா புறப்பட்ட விதம்

இப்னு பதூதா என்றதும் நம் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பாடம்தான் நினைவுக்கு வரும். டெல்லியில் முஹம்மது பின் துக்ளக்கிடம் காஜியாக இருந்தவர், பயணக் குறிப்பு எழுதியவர் என்று இரண்டு வரியில் முடிந்துவிடும். விவரம் தெரிந்த பெரியவர்கள் இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்வார்கள். மஃபர் என்று அரபுகள் அழைத்த நம் கரைக்கு வந்தார், மதுரையில் சுல்தான் கியாஸுத்தீனைச் சந்தித்தார், இலங்கையில் பாவா ஆதம் மலையில் ஏறினார் என்பார்கள். அந்த மதுரை சுல்தானின் மனைவியும் இப்னு பதூதாவின் மனைவியும் உடன்பிறந்த சகோதரிகள். நம்மூர் வழக்கில் சொன்னால் இருவரும் சகலை முறை.

ஆனால் அவருடைய கடைசிப் பெரும் பயணத்தைப் பற்றி நம் வீடுகளில் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஹிஜ்ரி 753 முஹர்ரம் பிறை 1, அதாவது 1352 பிப்ரவரி 18 அன்று, மொராக்கோவின் தென்கோடியில் இருந்த சிஜில்மாஸா நகரத்திலிருந்து அவர் சஹாரா பாலைவனத்துக்குள் இறங்கினார். போய்ச் சேர வேண்டிய ஊர் வலாத்தா, இன்றைய மொரிட்டானியாவில் இருக்கிறது. நேர்கோட்டில் அளந்தாலே 1,500 கிலோமீட்டருக்கு மேல். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய்த் திரும்பும் தூரத்தைவிட அதிகம். நடுவில் ஆறு கிடையாது, சாலை கிடையாது. முழுதாக இரண்டு மாதம் பிடித்தது.

மாலி நாட்டுப் பொன்னையும் மன்னரின் தர்பாரையும் பற்றி அவர் எழுதியதைப் பலர் எடுத்துக்காட்டுகிறார்கள். நாம் இங்கே பார்க்கப்போவது அதற்கு முந்தைய பகுதியை. இப்படி ஒரு பயணத்தை எப்படித் தொடங்கினார்கள், என்னென்ன ஏற்பாடு செய்தார்கள், எங்கே ஏற்பாடு தவறியது? வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் விடுமுறை நாளில் வண்டியை எடுத்துக்கொண்டு மணல் பக்கம் போகிறார்கள். குடும்பத்தோடு காரிலேயே உம்ராவுக்குப் புறப்படுகிறவர்களும் உண்டு. அதனால் இது வெறும் பழங்கதை என்று நமக்குத் தோன்றவில்லை.

சிஜில்மாஸா பாலைவனத்தின் வாசல். பேரீச்சந் தோப்புகளுக்குப் பேர்போன ஊர். அங்கே இப்னு பதூதா ஒரு மார்க்க அறிஞரின் வீட்டில் தங்கினார். அந்த அறிஞரின் சகோதரரை அவர் பல வருடங்களுக்கு முன் சீனாவில் சந்தித்திருந்தார். ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒருவர் சஹாரா ஓரத்தில், இன்னொருவர் சீனாவில்! அந்தக் காலத்து முஸ்லிம்களின் நடமாட்டம் எவ்வளவு விரிந்திருந்தது என்பதற்கு இது ஒன்றே போதும். இப்னு பதூதாவே இதை நினைத்து வியந்து எழுதுகிறார்.

அந்த ஊரில் அவர் செய்த முதல் வேலை ஒட்டகம் வாங்கியது. வாங்கி நான்கு மாதம் தீனி போட்டார் என்பதே அரபு மூலத்தின் நேரான பொருள். நான்கு மாதத்துக்கான தீனியை வாங்கினார் என்று சில மொழிபெயர்ப்புகளில் இருக்கிறது. நமக்கு முதல் பொருளே சரியாகப் படுகிறது. நான்கு மாதத் தீனியைச் சுமக்க இன்னும் எத்தனை ஒட்டகம் வேண்டியிருக்கும்? ஒட்டகத்தின் திமிலில் இருப்பது தண்ணீர் அல்ல, கொழுப்பு. புல் கிடைக்காத நாட்களில் அந்தக் கொழுப்பு கரைந்துதான் அது உயிர் வாழும். ஆகவே புறப்படுவதற்குப் பல வாரங்களுக்கு முன்பிருந்தே ஒட்டகத்தைத் தின்னவைத்துத் தேற்ற வேண்டும். சந்தையில் இன்று வாங்கி நாளை ஏற்றிச் செல்லும் காரியம் இல்லை. புறப்பட்ட மாதத்தையும் கவனியுங்கள். குளிர்காலம் முடியும் தருவாய். கோடையில் இந்த வழியே போவது தற்கொலைக்குச் சமம்.

இங்கே நம் மார்க்கத்தில் உள்ள ஒரு செய்தியை நினைவுபடுத்தலாம். யமன் நாட்டிலிருந்து சிலர் வழிக்கு உணவு எதுவும் எடுத்துக்கொள்ளாமல் ஹஜ்ஜுக்கு வருவார்கள். நாங்கள் அல்லாஹ்வின் மீது தவக்குல் வைத்தவர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். மக்காவுக்கு வந்ததும் மக்களிடம் கை நீட்டுவார்கள். பயணத்துக்கு உணவைத் தேடிக்கொள்ளுங்கள் என்று சொல்லி, உணவில் சிறந்தது இறையச்சம் என்றும் சேர்த்துச் சொல்லும் அல்பகரா 197-வது வசனம் இதையொட்டித்தான் இறங்கியது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் இருக்கிறது. ஏற்பாடு செய்வது தவக்குலுக்கு எதிரானது என்று நினைப்பவர்கள் அன்றும் இருந்தார்கள்.

காஃபிலாவுக்கு ஒரு தலைவர் இருந்தார். மஸூஃபா என்ற ஸன்ஹாஜா பெர்பர் குலத்தைச் சேர்ந்தவர். அந்தப் பாலைவனம் அந்தக் குலத்தார் கைக்குள் இருந்தது. வழிகாட்டி, தூதன், தேடிப்போகிறவன் எல்லோரும் அவர்களே. இப்னு பதூதா பல நாடுகள் சுற்றியவர், காஜியாக இருந்தவர், வயதும் 48 ஆகிவிட்டது. ஆனாலும் அந்த மணலில் அவர் ஒரு சாதாரணப் பயணி, தலைவர் சொன்னால் நிற்க வேண்டும், சொன்னால் நடக்க வேண்டும். மூன்று பேர் பயணம் போனாலும் ஒருவரை அமீராக ஆக்கிக்கொள்ளுங்கள் என்ற நபி (ஸல்) அவர்களின் அறிவுரை அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அது ஏன் என்று இத்தகைய பயணத்தில்தான் முழுதாகப் புரியும்.

25 நாள் நடந்து தகாஸா என்ற இடத்தை அடைந்தார்கள். இன்றைய மாலி நாட்டின் வடகோடி அது. அங்கே மரமே இல்லை, மணலும் உப்பும்தான். வீடுகளை உப்புப் பாளங்களால் கட்டியிருந்தார்கள். பள்ளிவாசலும் உப்புதான். கூரை ஒட்டகத் தோல். மண்ணைத் தோண்டினால் கனமான உப்புப் பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். ஒரு ஒட்டகத்துக்கு இரண்டு பாளம் ஏற்றுவார்கள். ஒரு சுமை உப்பு வலாத்தாவில் 8 முதல் 10 மித்கால் பொன்னுக்குப் போகும். மாலி தலைநகரில் 20, 30, சில சமயம் 40 மித்கால்கூடக் கிடைக்கும். உப்பைத் துண்டு துண்டாக வெட்டிப் பணமாகவே செலவழித்தார்கள்.

அந்த உப்பைத் தோண்டியவர்கள் யார்? மஸூஃபாவின் அடிமைகள். அவர்களைத் தவிர அங்கே யாரும் குடியிருக்கவில்லை. பேரீச்சம்பழம் வடக்கேயிருந்தும் சிறுதானியம் தெற்கேயிருந்தும் வந்தால்தான் சோறு, இல்லையென்றால் ஒட்டக இறைச்சி. இப்னு பதூதா இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்து போகிறார். நம்மால் அப்படிக் கடக்க முடியவில்லை. நம் வரலாற்றின் பெருமைகளைப் பேசும்போது, அந்தப் பொன்னுக்கும் உப்புக்கும் பின்னால் உப்பு வீட்டில் வாழ்ந்து தீர்ந்தவர்கள் இருந்தார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

தகாஸாவில் 10 நாள் தங்கினார்கள். சந்தோஷமாக அல்ல. தண்ணீர் உவர்ப்பு, ஈத்தொல்லையும் தாங்கவில்லை. ஆனாலும் அங்கேதான் தண்ணீர் நிரப்பியாக வேண்டும். ஏனென்றால் அதற்குப் பிறகு 10 நாள் வழிக்குத் தண்ணீர் கிடையாது. அபூர்வமாக மழைக் குட்டை கிடைத்தால் உண்டு. அவர்களுக்கு அல்லாஹ்வின் அருளால் நிறையவே கிடைத்தது. பாறைக் குன்றுகள் இரண்டுக்கு நடுவே ஒரு நல்ல தண்ணீர்க் குட்டையைப் பார்த்து, குடித்து, துணிகூடத் துவைத்தார்களாம்.

தண்ணீர் இருந்தும் உளூ செய்யக் கூடாத நிலை இப்படிப்பட்ட வழியில்தான் வரும். தயம்மும் என்றால் தண்ணீர் இல்லாதவருக்கான சலுகை என்று மட்டும் நம்மில் பலர் படித்திருக்கிறோம். கையில் தண்ணீர் இருந்து, அது தாகத்துக்குத் தேவை என்றாலும் தயம்மும்தான் என்று ஃபிக்ஹ் நூல்கள் தெளிவாகச் சொல்கின்றன. தனக்கு மட்டுமல்ல, உடன் வருபவரின் தாகமும் கணக்கில் வரும், கூட வரும் பிராணியின் தாகமும் வரும். மதரஸாவில் இந்த மஸ்அலாவைக் கேட்கும் பிள்ளைக்கு இது வெறும் கற்பனை போலத் தோன்றலாம். ஒட்டகம் விழுந்தால் மனிதனும் விழுவான் என்ற இடத்தில் வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு நுட்பமான சட்டம் என்று தெரியும்.

இனி அந்தப் பயணத்தின் துக்கமான பகுதி. தொடக்கத்தில் இப்னு பதூதாவும் சிலரும் காஃபிலாவுக்கு முன்னால் வேகமாகப் போய்விடுவார்கள். மேய்ச்சல் கிடைக்கும் இடம் பார்த்து விலங்குகளை மேயவிட்டுக் காத்திருப்பார்கள். மழை பெய்த வருடம், பசுமை கொஞ்சம் இருந்தது, பயம் விட்டுப்போயிருந்தது. அந்தச் சமயத்தில் கூட்டத்தில் இப்னு ஸீரி என்பவருக்கும் அவருடைய மாமன் மகன் இப்னு அதிக்கும் வாய்ச்சண்டை வந்தது. ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள். கோபத்தில் இப்னு ஸீரி பின்தங்கினார். அன்று மாலை கூடாரம் அடித்தபோது அவரைக் காணவில்லை.

மஸூஃபா ஆள் ஒருவரைக் கூலிக்கு அமர்த்தித் தடம் பார்த்துத் தேடச் சொல்லுங்கள் என்று இப்னு பதூதா அந்த உறவினரிடம் சொன்னார். அவர் மறுத்துவிட்டார். கோபமா, காசா, தானாக வந்துவிடுவான் என்ற நினைப்பா, காரணம் எழுதப்படவில்லை. மறுநாள் மஸூஃபாக்காரர் ஒருவர் கூலியே வேண்டாம் என்று சொல்லித் தேடப்போனார். காலடித் தடம் கிடைத்தது. அது சில இடத்தில் பாதையில் செல்கிறது, சில இடத்தில் விலகிப்போகிறது. அதற்குமேல் எந்தத் தகவலும் இல்லை. இரத்த உறவு மறுத்த வேலையை யாரென்றே தெரியாத ஒருவர் அல்லாஹ்வுக்காகச் செய்தார். ஆனால் ஓர் இரவு கடந்துவிட்டது.

பிறகு வழியில் இன்னொரு காஃபிலா எதிர்ப்பட்டது. தங்கள் ஆட்கள் சிலர் பிரிந்துபோய்விட்டதாக அவர்கள் சொன்னார்கள். அவர்களில் ஒருவரை நம் காஃபிலாவினர் ஒரு சிறு புதர் அடியில் இறந்த நிலையில் கண்டார்கள். உடுப்பு உடம்பில் இருந்தது, சாட்டை கையில் இருந்தது. தண்ணீர் ஒரு மைல் தூரத்தில் இருந்தது.

(இறந்து கிடந்தவர் இப்னு ஸீரிதான் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது தவறு. இவர் வேறு காஃபிலாவைச் சேர்ந்தவர். இப்னு ஸீரி என்ன ஆனார் என்று கடைசிவரை தெரியவில்லை.)

அதற்குப் பிறகு நான் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் தங்கவில்லை என்கிறார் இப்னு பதூதா. தனிமையில் உள்ளதை நான் அறிந்தபடி மக்கள் அறிந்தால் எவரும் இரவில் தனியாகப் பயணம் செய்யமாட்டார் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது புகாரியில் உள்ளது. பயணத்தில் தன்னிடம் மிஞ்சியிருக்கும் வாகனத்தையும் உணவையும் இல்லாதவருக்குக் கொடுக்கச் சொன்ன ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் இப்னு ஸீரி எந்த இடத்தில் கைவிடப்பட்டார் என்பது விளங்கும்.

அடுத்த தங்கல் தாஸரஹ்லா. மணலுக்கடியில் தண்ணீர் ஊறும் இடம், தோண்டினால் கிடைக்கும். மூன்று நாள் அங்கே தங்கினார்கள். ஓய்வுக்கு மட்டும் அல்ல. தண்ணீர்த் தோல் பைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, கிழிந்ததைத் தைத்து, நிரப்பி, அதன்மேல் முரட்டுச் சாக்குத் துணியைப் போர்த்தித் தைத்தார்கள். காற்று படாமல் இருக்க என்று காரணமும் சொல்கிறார். நம் வீட்டு மண்பானையை நினைத்துக்கொள்ளுங்கள். பானை மேல் ஈரம் கசிந்து ஆவியாவதால்தான் உள்ளே தண்ணீர் குளிர்கிறது. தோல் பையிலும் அதே கதைதான். ஆனால் பாலைவனத்தின் காய்ந்த காற்று நாள் முழுக்க அடித்தால், குளிர்ச்சி தருவதோடு நிற்காமல் பையையே வற்றவைத்துவிடும். குடிக்காமலே தண்ணீர் தீரும். அதற்குத்தான் சாக்குப் போர்வை. பெரிய தொழில்நுட்பம் ஒன்றுமில்லை, ஊசியும் நூலும் பொறுமையும்தான். இந்த மூன்று நாள் வேலையைச் செய்யாமல் அவசரப்பட்ட காஃபிலா இருந்திருந்தால் அதைப் பற்றி எழுத ஆள் மிஞ்சியிருக்கமாட்டார்கள்.

தாஸரஹ்லாவிலிருந்துதான் தக்ஷீஃபை அனுப்புவார்கள். இந்தப் பயணத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. தக்ஷீஃப் என்பது ஒரு வேலையின் பெயர். மஸூஃபா ஆள் ஒருவரைக் காஃபிலாவே சேர்ந்து கூலிக்கு அமர்த்தும். அவர் தன்னந்தனியாக முன்னே வலாத்தாவுக்குப் போவார். காஃபிலாவில் உள்ளவர்கள் அங்கே இருக்கும் தங்கள் நண்பர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பார்கள். வீடு பார்த்து வையுங்கள், நான்கு இரவு தூரம் தண்ணீரோடு எதிர்கொண்டு வாருங்கள் என்று. வலாத்தாவில் நண்பர் இல்லாதவர் என்ன செய்வார்? அந்த ஊரில் நல்ல மனிதர் என்று பெயர் எடுத்த வியாபாரி ஒருவருக்கு எழுதுவார். அவரும் முகம் தெரியாதவருக்காகத் தண்ணீர் கொண்டுவருவார்.

சுமந்துவரும் தண்ணீர் ஊர் வரைக்கும் போதாது என்பது புறப்படும்போதே எல்லோருக்கும் தெரியும். மீதியை எதிரே வருபவர் கொண்டுவர வேண்டும். அவர் வர வேண்டுமென்றால் தக்ஷீஃப் உயிரோடு போய்ச் சேர வேண்டும். பல சமயம் தக்ஷீஃப் வழியிலேயே மடிந்துவிடுவார், அப்போது காஃபிலா வருவது வலாத்தாவுக்குத் தெரியாது, காஃபிலாவில் எல்லோருமோ பெரும்பாலானவர்களோ அழிந்துபோவார்கள் என்று இப்னு பதூதா எழுதுகிறார். தனியாகப் போகிறவரை ஷைத்தான்கள் விளையாட்டுக் காட்டி வழி மறக்கச் செய்யும் என்றும் சொல்கிறார். அங்கே தடம் என்று ஒன்று இல்லை. இன்று மணல் மலை இருக்கும் இடத்தில் நாளை இருக்காது, காற்று அதை வேறிடத்துக்குத் தள்ளியிருக்கும்.

அவர்கள் அமர்த்திய தக்ஷீஃபுக்கு 100 மித்கால் பொன் கூலி. ஸகாத் கணக்கில் 20 மித்கால் என்று படித்திருக்கிறோம் அல்லவா, அதே மித்கால்தான். ஒன்று ஏறக்குறைய நாலேகால் கிராம். அப்படிப் பார்த்தால் 50 பவுனுக்கு மேல் வருகிறது. ஒரு கடிதம் கொண்டுபோகும் வேலைக்கு! யாரும் பேரம் பேசியதாகத் தெரியவில்லை.

இன்னொரு வியப்பையும் அவர் பதிவு செய்கிறார். அந்தக் காஃபிலாவின் வழிகாட்டிக்கு ஒரு கண் குருடு, மறு கண்ணில் நோய். ஆனாலும் எல்லோரையும்விட வழி நன்கு அறிந்தவர் அவர்தான். மணல் மாறும், மலை மாறும். பலமுறை போய்வந்த பழக்கமும் கூர்மையான மனமும் உள்ளவரே அங்கே வழிகாட்ட முடியும் என்பது அவர் தரும் விளக்கம்.

பாம்புக் கதையையும் சொல்லியாக வேண்டும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். தில்மிஸானைச் சேர்ந்த ஒரு ஹாஜி வியாபாரி கூட வந்தார். பாம்பைப் பிடித்து விளையாடுவது அவருக்குப் பொழுதுபோக்கு. வேண்டாம் என்று இப்னு பதூதா தடுத்தும் கேட்கவில்லை. ஒருநாள் உடும்பு பிடிக்க வளைக்குள் கையை விட்டார், பாம்பு அகப்பட்டது. அதைக் கையில் பிடித்துக்கொண்டே ஏறப்போனபோது வலது கை ஆட்காட்டி விரலில் கடித்துவிட்டது. சூடு போட்டார்கள், வலி அடங்கவில்லை. ஒட்டகம் ஒன்றை அறுத்து அதன் இரைப்பைக்குள் இரவு முழுக்கக் கையை வைத்திருந்தார்கள். கடைசியில் விரல் சதை கழன்று, அடியோடு வெட்ட வேண்டியதாயிற்று. ஒட்டகமும் போனது, விரலும் போனது.

இன்று கையில் ஜிபிஎஸ் இருக்கிறது, வண்டியில் ஏசி இருக்கிறது. ஆனால் பாலைவனத்தில் சிக்னல் போய்விட்டால் போன் வெறும் கண்ணாடித் துண்டு. மணலில் சக்கரம் புதைந்துவிட்டால் ஏசி எவ்வளவு நேரம் ஓடும்? அப்போது நம்மைக் காப்பது நாம் புறப்படுமுன் செய்த இரண்டு காரியம்தான். தேவைக்கு மேல் தண்ணீர் எடுத்தோமா, எந்த வழியாகப் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று யாரிடமாவது சொன்னோமா? இரண்டாவதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். அறையில் தங்கியிருக்கும் நண்பருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். 'இரவு பத்து மணிக்குள் நான் பேசவில்லையென்றால் தேடுங்கள்' என்று. அன்று 50 பவுன் கொடுத்து வாங்கிய ஏற்பாடு இன்று இலவசமாகக் கிடைக்கிறது. வண்டி நின்றுவிட்டால் அதை விட்டு இறங்கி நடக்காதீர்கள். தேடி வருபவர் கண்ணில் தனி மனிதனைவிட வண்டி சீக்கிரம் படும். நிழலும் அதுதான் தரும். கூட வந்தவரோடு வாக்குவாதம் வந்தால் ஊர் திரும்பிய பிறகு தீர்த்துக்கொள்ளுங்கள்.

காஃபிலாவுக்குத் திரும்புவோம். தாஸரஹ்லாவை விட்டு ஏழாவது நாள் இரவு, தூரத்தில் நெருப்பு வெளிச்சம் தெரிந்தது. தக்ஷீஃப் போய்ச் சேர்ந்துவிட்டார். வலாத்தாவிலிருந்து எதிர்கொண்டு வந்தவர்களின் நெருப்பு அது. மகிழ்ந்தோம் என்று மட்டும் எழுதுகிறார் இப்னு பதூதா. அவர்கள் கொண்டுவந்த தண்ணீரைக் குதிரைகளுக்கும் காட்டினார்கள். அதற்குப் பிறகு கடும் வெப்பமான நிலப்பகுதி. பகலில் நடக்க முடியாது. அஸர் தொழுதுவிட்டுப் புறப்படுவார்கள், இரவெல்லாம் நடப்பார்கள், விடிந்ததும் இறங்கிவிடுவார்கள். வழியில் பல குலத்து ஆட்கள் தண்ணீர்ச் சுமையோடு வந்து விற்றார்கள்.

ரபீஉல் அவ்வல் தொடக்கத்தில் வலாத்தாவை அடைந்தார்கள். அந்த ஊர் இன்றும் இருக்கிறது. 1996-ல் யுனெஸ்கோ அதையும் ஷின்கீத், வதான், தீஷீத் ஆகிய நகரங்களையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இவ்வளவு பாடுபட்டு வந்தவருக்கு ஊரில் ஒரு விருந்து வைத்தார்கள். சுரைக்குடுவையைப் பாதியாக வெட்டிய பாத்திரத்தில், இடித்த சிறுதானியத்தோடு கொஞ்சம் தேனும் தயிரும் கலந்து கொடுத்தார்கள். இதற்காகவா நம்மை அழைத்தார்கள் என்று இப்னு பதூதா முகம் சுளித்தார். ஆமாம், இது இவர்களிடம் பெரிய விருந்து என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். அவருக்கு மனம் ஆறவில்லை, அப்படியே மொராக்கோவுக்குத் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தார். பிறகு மன்னரைப் பார்த்துவிட்டே போவோம் என்று மனதை மாற்றிக்கொண்டு, 50 நாள் போல அந்த ஊரிலேயே தங்கினார். ஊர்க்காரர்கள் அவரை நன்றாகவே கவனித்துக்கொண்டார்கள் என்பதையும் அவரே எழுதியிருக்கிறார்.